இறக்கத்தில் கியரைக் குறை

தருமபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பாளையம் சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநரின் இடது கை கியர் கம்பிக்குப் போகும். இன்ஜின் ஒருமுறை உறுமும். வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் தணியும். இரண்டு பக்கமும் குன்றுகள், நடுவில் வளைந்து வளைந்து கீழே போகும் சாலை. வழி நெடுக மஞ்சள் பலகைகள், வரிவரியாகக் கடகடக்கும் வேகத்தடைக் கோடுகள், போதாக்குறைக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு.

இந்தத் தொப்பூர் கணவாய் நேற்று முளைத்த வழி அல்ல. மைசூரை ஆண்ட ஐதர், திப்பு காலத்துப் போர்களில் படைகள் ஏறி இறங்கிய இடம் அது. பாராமகால் எனப்பட்ட தருமபுரி மேட்டு நிலத்திலிருந்து சேலத்துக்கு இறங்க மலைகள் விட்டுவைத்த வாசல். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இன்று அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. முன்பு அதற்கு 7-ஆம் எண். வடக்கிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சேலம், நாமக்கல், கோவை, கேரளம் என்று போகும் சரக்கு லாரிகளில் பெரும்பகுதி இங்கே இறங்கியாக வேண்டும்.

2020 டிசம்பர் 12 அன்று இந்த இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி, முன்னால் இருந்த பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்மீது மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 மாலை, இரட்டைப் பாலத்தருகே லாரிகளுக்கு நடுவே கார்கள் சிக்கித் தீப்பிடித்தன. அன்றும் நான்கு உயிர்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தச் சில விநாடிகளைத் தமிழ்நாட்டில் கைபேசி வைத்திருக்கும் பாதிப்பேராவது பார்த்திருப்பார்கள். பார்த்தவர்கள் சொன்னது ஒன்றேதான்: 'பிரேக் பிடிக்கலை போல.'

பிரேக் ஏன் பிடிக்கவில்லை? சாலைப் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் பேரணி, உறுதிமொழி, துண்டுப் பிரசுரம் எல்லாவற்றையும்விட இந்த ஒரு கேள்விக்கான பதில் தொப்பூரில் அதிக உயிர்களைக் காப்பாற்றும்.

இறக்கம் வந்ததும் வண்டியை நியூட்ரலில் விடுவது லாரித் தொழிலில் பழைய பழக்கம். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுவதும் உண்டு. காரணம் டீசல். வாடகையில் மிச்சம் பிடித்தால்தான் கையில் நாலு காசு நிற்கும் என்கிற தொழிலில் இதை வெறும் அலட்சியம் என்று திட்டிவிட்டுப் போவது எளிது, பயன் இல்லை. வண்டி கியரில் இருக்கும்போது சக்கரம் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையே வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஒரு கை. நியூட்ரலில் அந்தக் கை விலகிவிடுகிறது. முழுப் பாரமும் பிரேக் மீது விழுகிறது.

அந்தப் பாரம் எவ்வளவு என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். சரக்கோடு 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரத்தைச் சீரான வேகத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறினால், ஏறக்குறைய 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு சூடு அது. கல்யாண வீட்டு அண்டாவுக்கு விறகே வேண்டாம். சில நிமிடங்களில் இத்தனை சூடு ஏறினால் பிரேக் டிரம் விரியும், லைனிங் வழுக்கும். மிதிக்கிற மிதிக்கு வண்டி நிற்காது. இன்ஜினையும் அணைத்திருந்தால் காற்று நிரப்பும் கம்ப்ரசர் நின்றுபோகும். நாலைந்து முறை மிதித்ததும் காற்றழுத்தம் இறங்கும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ஓட்டுநர் அதன்பிறகு பயணி மட்டுமே.

இன்னொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. மின்னணு முறையில் டீசல் பீய்ச்சும் இன்றைய இன்ஜின்கள், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் விடுவதையே நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலில் விட்டால்தான், இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அதாவது, புதிய வண்டியில் நியூட்ரல் போடுகிறவர் உயிரைப் பணயம் வைத்து டீசலைக் கூடுதலாகச் செலவழிக்கிறார். அப்பா காலத்து லாரியில் கற்ற பாடத்தை மகன் புது லாரியிலும் ஓட்டுகிறான்.

சரி, இதை அந்த ஓட்டுநரிடம் யார், எப்போது, எந்த மொழியில் சொல்வது? சமூக விழிப்புணர்வுத் திட்டம் என்பதற்கு இங்கேதான் அர்த்தம் வருகிறது. தொப்பூரில் வேக வரம்பு 30 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் அபராதம். ஆனால் ஹரியானாவிலிருந்து மூன்று நாள் ஓட்டி, முதல்முறையாக இந்த இறக்கத்துக்கு வருகிறவருக்கு 30 என்ற எண் மட்டும் எதையும் உணர்த்தாது. கணவாய்க்கு முன்பே சுங்கச்சாவடியில் நிறுத்தி, பிரேக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, முன்னால் இருப்பது எத்தகைய இறக்கம் என்று அவர் மொழியில் விளக்குவதும், ஒலிபெருக்கியில் பல மொழிகளில் அறிவிப்பதும் இந்த நிலைமையிலிருந்து பிறந்தவையே. 'அண்ணே, ரெண்டாவது கியர் போட்டு இறங்குங்க. கீழ போனதும் டீ குடிச்சுக்கலாம்.' இப்படி ஒரு வாக்கியம், சரியான இடத்தில், சரியான நேரத்தில். நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மண்டபத்தில் இரண்டு மணி நேரம் நடக்கும் கருத்தரங்கால் இதைச் செய்ய முடியாது.

ஆண்டுதோறும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வருகிறது. முன்பு ஒரு வாரமாக இருந்தது 2021-இல் ஒரு மாதமாக நீண்டது. தருமபுரியிலும் மற்ற மாவட்டங்களைப் போலவே ஹெல்மெட் பேரணி, பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி, ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் என்று களைகட்டும். இவற்றில் ஓசையில்லாமல் நல்லது செய்வது கண் முகாம்தான். நாற்பது வயதுக்குமேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. கண்புரை தொடங்கியவருக்கு எதிரே வரும் விளக்கு வட்டமாகச் சிதறித் தெரியும். ராத்திரியில் லாரி ஓட்டுகிற பலருக்கு அது கண் கோளாறு என்றே தெரிவதில்லை, எதிரே வருகிறவன் ஹைபீம் போடுகிறான் என்று திட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள். அப்படி ஒருவருக்குக் கண்ணாடியோ சிகிச்சையோ கிடைக்கச் செய்வது ஆயிரம் துண்டுப் பிரசுரத்துக்குச் சமம். பேரணியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பேரணி முடிந்து வீடு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட்டைத் தலையில் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் முழங்கையில் மாட்டியிருக்கிறார்கள் என்று நான்கு ரோட்டில் நின்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கற்றுக்கொடுத்தால் விபத்து குறையும் என்பது பார்வைக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. பள்ளியிலேயே வண்டி ஓட்டக் கற்றுத்தரும் திட்டங்களை அயல்நாடுகளில் சோதித்த ஆய்வுகளை, காக்ரேன் எனும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2001-இல் தொகுத்து அலசியது. அந்தப் பயிற்சியால் விபத்து குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, பயிற்சி பெற்ற பிள்ளைகள் சீக்கிரமே உரிமம் வாங்கிச் சீக்கிரமே சாலைக்கு வந்துவிட்டார்கள். கை தேறியது, நிதானம் தேறவில்லை. இளைஞர்களுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. தனக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம்தான் பிரச்சினை.

தருமபுரி மாவட்டத்தில் இளைஞரும் இருசக்கர வாகனமும் சேர்ந்த கதைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50, இந்தியாவில் இருவர் உட்கார்ந்து போகும்படி செய்யப்பட்ட முதல் மொபெட். அதைத் தயாரித்த ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகே அது பிரிந்து போனது. பால் கேன், உர மூட்டை, தக்காளிக் கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஒரு தலைமுறையே அந்த வண்டியில் போனது. முன்னால் நின்றுகொண்டு போன பையன், பத்து வயதில் ஹேண்டில் பாரைப் பிடித்தான், பன்னிரண்டில் தோட்டத்துக்குத் தனியாக ஓட்டினான். அப்போது அது பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை. வண்டி முப்பதைத் தாண்டவே மூச்சு வாங்கும். இன்று அதே வயதுப் பையன் கையில் இருப்பது 150 சி.சி. வண்டி. பழக்கம் பழையது, வேகம் புதியது. பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும், 'எம் பையன் பதினாலு வயசுலயே புல்லட் ஓட்டுவான்' என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்களைப் பார்ப்பது கஷ்டமில்லை.

அந்த அப்பாக்களுக்குத் தெரிய வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. இதைவிடக் கடுமையாக உறைக்கக்கூடியது இன்சூரன்ஸ். உரிமம் இல்லாதவர் ஓட்டி யாராவது இறந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பது வழக்கம். நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய தொகையாகக்கூட அது இருக்கலாம். கிராமசபைக் கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தைப் புரியும்படி சொன்னால், பையன் கைக்குச் சாவி போவது ஓரளவு நிற்கும்.

மற்ற நாடுகள் இதை வேறு வழியில் அணுகின. நியூசிலாந்து 1987-இல் படிப்படியான உரிமத்தைக் கொண்டுவந்தது. உரிமம் வாங்கியதும் எல்லாம் திறந்துவிடாது. தொடக்கத்தில் இரவில் தனியே ஓட்டத் தடை, நண்பர்களை ஏற்றிக்கொள்ளத் தடை. அனுபவம் கூடக் கூடத்தான் கட்டுகள் தளரும். அமெரிக்க மாநிலங்கள், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் இதே பாதையைப் பின்பற்றி இளைஞர் விபத்துகளைக் குறைத்தன. நம்மூரில் பழகுநர் உரிமம் வாங்கி 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டித் தேறினால் முழு உரிமம், நடுவில் படியே கிடையாது. பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அடுத்த மாதம், பின்னால் ஒரு நண்பனோடு, இரவு பதினோரு மணிக்கு ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்குவதைத் தடுக்க சட்டத்தில் இடமில்லை. வீட்டில் அந்தப் படியைப் போடலாம். முதல் ஆறு மாதம் இருட்டிய பிறகு வண்டி எடுக்கக் கூடாது, பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது என்று அம்மா சொன்னால் அதுதான் படிப்படியான உரிமம்.

2022-ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு அவசரம் என்று புரியும். அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு. ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர், இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டது. சரியான ஹெல்மெட் சாவுக்கான வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து எடுத்த கணக்கு. 'சரியான' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரோட்டோரம் குடை விரித்து விற்கும் பிளாஸ்டிக் தொப்பி போலீஸிடமிருந்து காப்பாற்றும், தார் ரோட்டிலிருந்து காப்பாற்றாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டை மாட்டியிருக்க வேண்டும்.

இளைஞர்களிடம் பேசிப் பயனில்லை என்றால் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம் என்று கோவையில் ஒரு யோசனை தோன்றியது. அங்குள்ள தொழில்முனைவோர்களும் மருத்துவர்களும் சேர்ந்து 'உயிர்' என்ற அமைப்பை நடத்துகிறார்கள். கங்கா மருத்துவமனையின் முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் அதன் முன்னணியில் இருப்பவர். விபத்தில் நொறுங்கிய எலும்புகளை ஆண்டுக்கணக்கில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தவர், விபத்தையே தடுக்க இறங்கியதில் ஆச்சரியமில்லை. 2022 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய 'உயிர் குட்டி காவலர்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலை விதிகளைக் கற்றுத்தந்து, வீட்டில் இருப்பவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பையும் கொடுக்கிறார்கள். 'அப்பா, ஹெல்மெட் போட்டாத்தான் நான் ஏறுவேன்' என்று எட்டு வயது மகள் வாசலில் நின்றுகொண்டால் எந்த அப்பாவாலும் அபராதம் கட்டித் தப்ப முடியாது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாலைப் பாதுகாப்புப் படை நெடுங்காலமாக உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலில் வண்டிகளை நிறுத்துவதோடு வேலை முடிந்துவிடும். குட்டி காவலருக்கு வேலை தொடங்குவதே வீட்டில்.

கனடாவின் டொரண்டோ நகரில் சன்னிபுரூக் மருத்துவமனை 1986-இல் தொடங்கிய இன்னொரு முயற்சி, பதின்வயதினரை ஒரு நாள் முழுக்க விபத்துச் சிகிச்சைப் பிரிவுக்கே கூட்டிப்போய்க் காட்டுவது. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும் இடம், அவசர சிகிச்சை, பிறகு நடைபயிற்சிக் கம்பிகளைப் பிடித்து ஓரடி எடுத்துவைக்கப் போராடும் அறை. விபத்தில் சிக்கியவர்களே பிள்ளைகளிடம் பேசுகிறார்கள். பயமுறுத்திவிட்டால் போதும் என்று நினைத்தால் தவறு. பயம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். சாவைவிட, சாகாமல் படுக்கையில் கிடப்பது எப்படி இருக்கும் என்று பார்ப்பதில்தான் அதன் வலு இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நெடுஞ்சாலையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கு அப்படி ஒரு நாள் ஏற்பாடு செய்ய அரசாணை எதுவும் தேவைப்படாது.

விபத்து நடந்த பிறகு என்ன செய்வது என்பதும் ஊர் மக்கள் கையில் இருக்கும் விஷயமே. முன்பெல்லாம் ரத்தம் வழியக் கிடப்பவரைத் தொட்டால் போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்து அந்தப் பயத்தை நீக்கியது. 2019 சட்டத் திருத்தத்தில் 134-ஏ பிரிவாகவும் அந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. உதவியவர் விரும்பாவிட்டால் பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். தொப்பூரில் கவிழ்ந்து கிடக்கும் ராஜஸ்தான் லாரி ஓட்டுநருக்கும் உரியது.

ஒடிசா அரசு இன்னும் ஒரு படி போனது. விபத்து அதிகம் நடக்கும் இடங்களுக்கு அருகே தாபா, டீக்கடை, பஞ்சர் கடை வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்து முதலுதவி கற்றுக்கொடுத்தது. 'ரக்ஷக்' என்பது அந்தத் திட்டத்தின் பெயர். ஆம்புலன்ஸ் வரும்வரையிலான பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரத்தத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது. தொப்பூர், காரிமங்கலம், நல்லம்பள்ளி வழியில் எத்தனை டீக்கடைகள்! விபத்துச் சத்தம் கேட்டு முதலில் ஓடிவருகிறவர்கள் அவர்கள்தான். கழுத்து முறிந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக் காரில் திணிக்கக் கூடாது என்பதை மட்டுமாவது அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இதெல்லாம் சரி, சாலையே கோளாறாக இருந்தால் மனிதரைத் திருத்தி என்ன பயன் என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மும்பை-புனே விரைவுச்சாலையில் 2016-இல் 151 பேர் இறந்தார்கள். சேவ் லைஃப் என்ற தன்னார்வ அமைப்பு, மாநில அரசோடு சேர்ந்து ஒவ்வொரு விபத்தையும் ஆராய்ந்தது. தடுப்பு இல்லாத பாலத் தூண்கள், ஓரத்தில் நிறுத்திய லாரிகள் என்று ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குறைகளைக் கண்டு சரிசெய்தார்கள். 2020-க்குள் சாவு பாதிக்கும் கீழே வந்தது. ஊரடங்கு ஆண்டு என்று கழித்துக்கொண்டாலும் முந்தைய ஆண்டுகளிலேயே இறக்கம் தெளிவாகத் தெரிந்தது. தொப்பூரிலும் வளைவுகளைத் தவிர்க்க, ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் உயர்மட்டச் சாலைத் திட்டத்தைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் கையில் எடுத்திருக்கிறது. அது முடியும்வரை பழைய இறக்கம்தான். முடிந்த பிறகும், நியூட்ரலில் விடுகிற கை மாறாவிட்டால் புதுப் பாலத்திலும் லாரி கட்டுப்பாடு இழந்து ஓடத்தான் செய்யும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு எல்லா மாவட்டத்திலும் கூடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவே அதற்கு வழி செய்திருக்கிறது. 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று ஆண்டில் பத்துப் பேர் இறந்தாலோ, சாவோ பலத்த காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் நடந்தாலோ அது கரும்புள்ளி என்று அரசு வரையறுத்திருக்கிறது. உங்கள் ஊர் வளைவில் அடிக்கடி வண்டி விழுகிறதென்றால், எண்ணிக்கையோடும் தேதியோடும் ஒரு மனு எழுதி அந்தக் குழுவுக்குக் கொடுக்கலாம். சும்மா 'இங்கே விபத்து அதிகம்' என்று எழுதுவதைவிடத் தேதி போட்ட பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பைக்கிலேயே ஊருக்குக் கிளம்புவார்கள். வேலை முடிந்து, சாயங்காலம் புறப்பட்டு, இருட்டில் லாரிகளுக்கு நடுவே வருவார்கள். 'எங்கடா வர்ற, கிருஷ்ணகிரி தாண்டிட்டியா?' என்று அரை மணிக்கு ஒருமுறை வீட்டிலிருந்து கூப்பிடுவது பாசம்தான். ஆனால் மணி அடித்ததும் ஒரு கை பாக்கெட்டுக்குப் போகும். இந்த முறை நீங்கள் கூப்பிடாதீர்கள். டீ குடிக்க நிற்கும்போது அவனையே கூப்பிடச் சொல்லுங்கள்.